கரையோர நடையும் கரைக்குரிய உரிமையும்

நடத்தல் என்பது ஊர் ஒருவனுக்குக் கற்பிக்கும் முதற்கல்வி. கால்கள் அறிந்த நிலத்தையே மனம் தனதென்று கொள்ளும். புகையிரதத்திலும் மோட்டார் வண்டியிலும் விரைந்து செல்வோன் ஊர்களின் பெயர்களை அறிவான். நடந்து செல்வோனோ அவற்றின் மேடு பள்ளங்களையும், மண்ணின் நிறத்தையும், காற்றின் திசையையும் அறிவான். கதிர்காமத்துக்கு வடபுலத்திலிருந்து கால்நடையாகச் சென்ற எமது முன்னோர் கீழைக்கரையின் துறைகளையும் காடுகளையும் களப்புகளையும் வரிசை தவறாமற் சொல்ல வல்லவராயிருந்தனர். அவர்களுக்கு அவற்றைக் கற்பித்தது புத்தகமன்று, பாதமே.

எமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கக் கிளைகள் பிற நாடுகளிலும் தழைத்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஆண்டுக்கொருமுறை இராப்போசன விருந்து, கலைமாலை, கிரிக்கெற் ஆட்டம் என்பன ஒழுங்காக நடைபெறுகின்றன. இவை வேண்டற்பாலனவே. எனினும், மண்டபமொன்றினுள் நாலு மணி நேரம் ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்திருப்போர் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுதல் அரிது. இதனைக் கருதி, இங்கிலாந்தில் வாழும் எம்மிற் சிலர், ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோர், வைகாசி மாதத்தில் ஒரு நாளைத் தெரிந்து கடற்கரையோரமாக நடப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். எம்முள் ஒருவர் பொறியியலாளர், ஒருவர் வைத்தியர், ஒருவர் கணக்காளர், ஒருவர் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏனையோர் இவர்களை வினாவி மடக்கும் தொழிலை மேற்கொண்டோர். அந்நடை எம்முள் எழுப்பிய எண்ணங்கள் சிலவற்றை இம்மலரின் வாசகர்முன் வைத்தல் தகும் என்று கருதுகின்றோம்.

அண்மையில் நாம் நடந்த வழி, சசெக்ஸ் பகுதியின் தென்கரையிலுள்ள சீபோட் என்னும் பட்டினத்தில் தொடங்கி ஈஸ்ற்போண் நகரில் முடிவது. தூரம் ஏறத்தாழப் பதினான்கு மைல். இலண்டன் விக்ரோறியா நிலையத்திற் காலைப் புகையிரதம் ஏறுவோர் லூயிஸ் என்னுமிடத்தில் மாறிச் சீபோட்டை அடையலாம். மாலையில் ஈஸ்ற்போணிலிருந்து நேரே இலண்டன் மீளலாம். ஆங்கு வேண்டுவன நல்ல சப்பாத்து, மழைச்சட்டை, தண்ணீர், கட்டுச்சோறு, தேசப்படம் ஆகிய ஐந்துமே. ஆறாவதாக எம்மவர் ஒருவர் பருத்தித்துறை வடையும் கொண்டுவந்திருந்தார். அதன் பெருமையை இங்கு விரித்தல் வேண்டா.

சீபோட்டின் கரை மணற்கரையன்று, கூழாங்கற் கரை. காண்போர் அதனை இயற்கையின் ஆக்கம் என்றே எண்ணுவர். உண்மை வேறு. இக்கரையிற் கூழாங்கற்கள் அலைகளால் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டு வருவன. மேற்கே நியூகேவின் துறைமுகத்தைக் காக்கும்பொருட்டு கடலினுள் நீண்ட அலைத்தடுப்புச் சுவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அச்சுவர் கற்களின் வழியை மறித்தமையால் சீபோட்டின் கரை மெலிந்தது. கடல் ஊரினுள் புகத் தலைப்பட்டது. ஆகவே 1987-ஆம் ஆண்டிற் கடலடியிலிருந்து பெருந்தொகையான கூழாங்கற்களை வாரிக் கொணர்ந்து புதிய கரையொன்றையே அமைத்தனர். ஓரிடத்தைக் காத்த சுவர் அயலிடத்தைக் கெடுத்த கதை இது. அன்று முழுவதும் எமது பேச்சு இக்கதையையே சுற்றி வந்ததாகலின் இதனை முதலிற் குறித்தோம்.

பட்டினத்தைக் கடந்து சீபோட் முனையின் புற்றரை மீதேறினாற் கிழக்கே தோன்றும் காட்சி, ஆங்கில நாட்டின் படங்களைக் கண்டோர் யாவரும் அறிந்தது. வெண்சுண்ணப் பாறைகள் அலையலையாக எழுந்தும் தாழ்ந்தும் கடலோரமாக நிற்கின்றன. அவற்றை ஏழு சகோதரிகள் என்பர். அவற்றுள் உயர்ந்தது கடன்மட்டத்திலிருந்து 77 மீற்றர். எண்ணிக்கை ஏழென்பது பெயரளவிலேயே. சிறியதொன்றையும் சேர்த்து எட்டென்பாரும் உளர். அவற்றின் மேல் ஏறியிறங்கிய எமது முழங்கால்களின் கணக்கிற் பதினான்குக்குக் குறையாது.

முனைக்கும் முதற் சகோதரிக்கும் இடையே கக்மியர் என்னும் சிற்றாறு கடலிற் கலக்கின்றது. கழிமுகத்திற் பாலம் இல்லை. ஆகவே உள்நாட்டுக்குத் திரும்பி எக்சீற் என்னும் ஊரிலுள்ள பாலத்தாற் கடத்தல் வேண்டும். பள்ளத்தாக்கிற் பாம்புபோல் வளைந்து கிடக்கும் நீர்நிலையைக் கண்டு வியப்போர் பலர். 1846-ஆம் ஆண்டில் நேரான கால்வாயொன்று வெட்டப்பட்ட பின் ஆற்றின் நீர் அவ்வழியே செல்கின்றது. வளைவுகள் ஆற்றிலிருந்து பிரிந்து அசைவற்ற குளங்களாயின. ஆற்றின் பழைய நடையும் மனிதன் இட்ட புதிய நடையும் அருகருகே கிடக்கும் அவ்விடம் புவியியற் பாடத்துக்கு வரைந்து வைத்த படம் போன்றது. எமது ஆசிரிய நண்பர் ஆங்கு அரை மணி நேரம் வகுப்பு நடாத்தினார். அவரைத் தடுப்பார் இல்லை.

வெண்பாறையின் வரலாறும் சிந்தித்தற்குரியது. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன் இப்பகுதி கடலாயிருந்தது. கண்ணுக்குப் புலனாகாத மிதவைப் பாசிகளின் சுண்ணத் தகடுகள் கடலடியிற் படிந்து, இறுகி, பின்னர் உயர்ந்து இப்பாறைகளாயின. 1868-ஆம் ஆண்டிற் தோமஸ் ஹக்ஸ்லி என்னும் விஞ்ஞானி, நோரிச் நகரத் தொழிலாளருக்குச் சுண்ணக்கட்டி ஒன்றைப் பற்றி ஆற்றிய விரிவுரை புகழ்பெற்றது. கரும்பலகையில் எழுதும் அற்பப் பொருளைக் கொண்டு உலகின் வயதை எளியோருக்கு விளக்கிய அப்பெருமகன் தமது இறுதியாண்டுகளை ஈஸ்ற்போணிலேயே கழித்து, 1895-இல் அங்கு மறைந்தார். பல்கலைக்கழகத்தினுள் அடங்கிக்கிடவாத கல்வியின் தன்மைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மதியத்தில் நாம் பேளிங் கப் என்னும் தாழ்விடத்தை அடைந்தோம். பாறையின் விளிம்பிற் கரைகாவலருக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டிய வீட்டுவரிசையொன்று இங்கு உண்டு. கட்டிய காலத்திற் கடல் தொலைவில் இருந்தது. ஆண்டுதோறும் பாறை இடிந்து விழ, வரிசையின் கடலோர வீடுகள் ஒவ்வொன்றாக இடித்து அகற்றப்பட்டன. எஞ்சியவை தம் முறைக்காகக் காத்து நிற்கின்றன. அவ்விடத்தைப் பாதுகாக்கும் தேசிய நம்பிக்கை நிதியமோ அரசோ அங்கு கடலரண் கட்டுவதில்லை. கடல் தன் போக்கிலே செல்லட்டும் என்பதே கொள்கை.

கட்டுச்சோற்றை அவிழ்த்தவுடன் வாதமும் தொடங்கிற்று. "கல்லும் சீமெந்தும் உள்ள நாட்டிற் கண்முன்னே வீடு விழப் பார்த்திருப்பது என்ன நியாயம்?" என்றார் பொறியியலாளர். "சீபோட்டில் இன்று காலை கண்டதை மறந்தீரோ? இங்கே சுவர் எழுப்பினால் விழுகின்ற பாறையிலிருந்து கிடைக்கும் தீக்கற்கள் நின்றுபோம். அவையே கீழ்க்கரையின் கூழாங்கல். இவ்வீட்டைக் காத்து அயலூரைக் கொடுப்பதோ?" என்றார் ஆசிரியர். வைத்தியர் இருவரையும் நோக்கி, "கொள்கை எதுவாயினும் ஆகுக. வீட்டை இழப்பவனுக்கு யார் பதில் சொல்வது?" என்று வினாவினார். அவ்வினாவுக்கு உடனே விடை கூறுவார் இல்லை.

இவ்விடயத்திற் கணக்கும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், இக்கரையிலுள்ள பாறைத்தளத்திற் தங்கிய பெரிலியம்-10 என்னும் அணுக்களை அளந்து, பாறை பின்வாங்கிய வேகத்தைக் கண்டனர். சில ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டொன்றுக்கு 2 முதல் 6 சென்ரிமீற்றர் அளவாக இருந்த அரிப்பு, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் 22 முதல் 32 சென்ரிமீற்றராகப் பெருகியுள்ளது. பாறையின் அடியைக் காத்த கூழாங்கற் கரை மெலிந்தமையை இதற்குரிய காரணங்களுள் முதன்மையாகக் கருதினர். கரை ஏன் மெலிந்தது என்பதில் மனிதன் எழுப்பிய சுவர்களுக்கும் பங்குண்டு என்பது தெளிவு.

எமது கருத்து இது. கடலோடு போர் தொடுத்து ஒவ்வோர் அடியையும் காத்தல் இயலாது, இயன்றாலும் தகாது. பின்வாங்குதல் இங்கு தோல்வியன்று, அறிவுடைமை. ஆனால் பொதுநன்மைக்காகக் கரையை விட்டுக்கொடுக்கும்பொழுது அதன் இழப்பையும் பொதுமக்களே பகிர்ந்து கொள்ளல் வேண்டும். கடலரிப்பால் வீடிழந்தவனுக்கு வீட்டின் விலையை ஈடுசெய்யும் கடப்பாடு இங்கிலாந்தின் சட்டத்தில் இல்லை. அழகிய வெண்பாறையைக் காணும் இன்பம் இலட்சக்கணக்கானோருக்கு. அதன் விலையைக் கொடுப்பதோ விளிம்பில் வாழும் நாலு குடும்பம். இது நடுநிலைமையாகாது. காட்சியைப் பலரும் நுகர்வராயின் கடனையும் பலரும் தாங்குதலே அறம்.

பின்வாங்குதலை அழகாகச் செய்த கட்டடமொன்றும் அவ்வழியில் உண்டு. பேளிங் கப்புக்குக் கிழக்கே குன்றின்மீது நிற்பது பெல் தூட் என்னும் பழைய வெளிச்சவீடு. 1834 முதல் ஒளி வழங்கிய அது, மேகமும் மூடுபனியும் குன்றுச்சியை மறைத்தமையாற் பயன் குன்றி, 1902-இற் கைவிடப்பட்டது. பின்னர் இல்லமாக மாறியது. விளிம்பு நெருங்கவே, 1999-ஆம் ஆண்டில் அக்கட்டடம் முழுவதையும் நீரழுத்தப் பொறிகளால் உயர்த்தித் தண்டவாளம் போன்ற விட்டங்களின்மேல் 17 மீற்றர் உள்நோக்கி நகர்த்தினர். தேவையேற்படின் மீண்டும் நகர்த்தவும் ஏற்றவாறு அடித்தளம் அமைந்துள்ளது. எமது பொறியியலாளர் அதனைச் சுற்றிச் சுற்றி வந்தார். மதியத்தில் இழந்த முகமலர்ச்சியை அங்கு மீண்டும் பெற்றார்.

அப்பால் எழுவது பீச்சி முனை. 162 மீற்றர் உயரமுள்ள அது பிரித்தானியாவின் வெண்சுண்ணக் கடற்பாறைகளுள் மிகவுயர்ந்தது. கீழே கடலினுள் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் வெளிச்சவீடு 43 மீற்றர் உயரமுடையதாயினும், மேலிருந்து நோக்குவோர்க்குச் சிறுவர் விளையாடும் பொம்மை போலத் தோன்றும். கப்பல்களுக்கு அதன் வர்ணப்பட்டை இனி வேண்டியதில்லை என்று பொறுப்பாளர் கூறியபொழுது, பொதுமக்கள் தாமே 27,000 பவுண் திரட்டி 2013-இல் அதற்கு மீண்டும் வர்ணம் பூசுவித்தனர். இக்கடலிலேயே 1895-ஆம் ஆண்டில் பிரெடெரிக் எங்கெல்சின் அஸ்தி தூவப்பட்டது. தமக்குக் கல்லறை வேண்டாது அலைகளைத் தெரிந்த அவரது விருப்பம், அஸ்தியைக் கீரிமலையிற் கரைக்கும் எமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இத்துணை அழகும் இயல்பாகவே எஞ்சிற்று என எண்ணுதல் பிழை. சீபோட்டுக்கு மேற்கே அதே குன்றுவரிசையின்மீது பீஸ்கேவின் என்னும் ஊர் உண்டு. 1916 முதல் நிலவியாபாரி ஒருவர் குன்றைச் சிறுசிறு காணிகளாக வெட்டி விற்றதன் விளைவு அது. சகோதரிகளுக்கும் அந்த விதியே நேர இருந்தது. 1920-களிற் பொதுமக்கள் பணம் திரட்டிக் குரோலிங் பகுதியின் நிலத்தை விலைகொடுத்து மீட்டனர். ஈஸ்ற்போண் நகரசபை 1926-ஆம் ஆண்டிற் சட்டமொன்றைப் பெற்று, 1929-இல் நகரைச் சூழ்ந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் குன்றுநிலத்தை வாங்கியது. அந்நிலத்தின் ஒரு பகுதியை விற்கப் பின்னாளிற் சபை எண்ணியபொழுது மக்கள் எதிர்த்தனர். 2017-இல் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. பாட்டனார் வாங்கியதைப் பேரர் காத்தனர்.

நடக்கும் உரிமையும் அவ்வாறு வந்ததே. 1932-ஆம் ஆண்டு சித்திரை 24-ஆந் தேதி, மன்செஸ்ரர் முதலிய நகரங்களின் இளந்தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர், வேட்டைக்கெனச் செல்வர் அடைத்து வைத்திருந்த கின்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தின்மீது தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்காக்களையும் பொதுப் பாதைகளையும் வகுத்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டுநிலங்களையும் குன்றுகளையும் நடப்போர்க்குத் திறந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் கரை முழுவதையும் சுற்றிப் பாதை அமைக்க வழிகோலியது. அதன் நீளம் ஏறத்தாழ 2,700 மைல். அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பாறை இடிந்து பாதை கடலில் விழுந்தால், உரிமையும் உடன் விழுவதில்லை. பாதை விளிம்போடு சேர்ந்து உள்நோக்கி நகரும் வகையில் வகுத்துள்ளனர். கரை நகர்ந்தாலும் கரைக்குரிய உரிமை நிலைக்கும் என்பதே அதன் பொருள்.

இவ்வுரிமையை இங்கிலாந்தில் வாழும் எம்மவர் எத்துணை பயன்படுத்துகின்றனர்? அன்று முழுவதும் வழியிற் கண்ட எம்மினத்தவர் விரல்விட்டு எண்ணத் தக்கவரே. சனிக்கிழமைகளிற் பிள்ளைகளைத் தனிவகுப்பிலிருந்து நடன வகுப்புக்கும், நடன வகுப்பிலிருந்து தமிழ் வகுப்புக்கும் வண்டியில் ஏற்றியிறக்குவதிற் பெற்றோரின் பொழுது கழிகின்றது. நோக்கமின்றி நடத்தல் வெள்ளையரின் பொழுதுபோக்கு என்பாரும் உளர். தாம் வாழும் நாட்டின் மண்ணை மிதியாது வளரும் பிள்ளை அந்நாட்டில் என்றும் விருந்தாளியே. பாட்டனார் நாட்டை அறியாமையோடு பிறந்த நாட்டையும் அறியாமை சேருமாயின், அப்பிள்ளைக்கு எஞ்சுவது யாது?

இனி எமது கரையைப் பற்றிச் சில சொற்கள். பரீட்சைக்குப் படிப்பித்த பாடத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் என்று மனனம் செய்தோம். அதுவும் கடலில் வாழ்ந்த உயிர்களின் எச்சமே. சசெக்சின் வெண்பாறைக்கு அது இளைய உறவு. எமது கிணற்று நீரைத் தாங்கி நிற்பதும் அதுவே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் அக்கல்லை அகழ்ந்தெடுத்ததும் நாம் அறிந்ததே. எனினும் அக்கரை எங்கு எத்துணை தேய்ந்தது என்று அளந்தோர் எம்முள் எத்தனை பேர்? 2004-ஆம் ஆண்டு மார்கழி 26-இல் வடமராட்சி கிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கிய பின்னரும், மணல்மேடுகள் கரைக்கு அரண் என்பது எம்மவருட் பலர்க்கு இன்னும் பாடமாகவில்லை.

நடக்கும் உரிமையின் அருமையை எம்மினும் நன்கறிவார் யார்? 1990-ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கின் கரையோர ஊர்களிலிருந்து பெயர்ந்த மக்களுக்கு, மயிலிட்டித் துறைமுகம் 2017-இலேயே மீண்டும் திறந்தது. இருபத்தேழு ஆண்டுகள். அதற்கிடையிற் பிறந்து வளர்ந்த பிள்ளை, தந்தை வள்ளம் இறக்கிய துறையை மிதித்தறியாமலே தந்தையாயினான். அத்தகைய மக்களுக்குக் கரையோரப் பாதை பொழுதுபோக்கன்று. பாதை அடைபட்டால் முதலில் இழப்பது நடையை. பின்னர் இழப்பது ஊர்ப்பெயர்களை. இறுதியில் இழப்பது உரிமையின் நினைவையே. பகைமையோடன்றி, அறிவோடும் ஆவணத்தோடும் கரையைப் பேணுதல் இனி இளையோர் கடன். 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் உண்டு. அதனைப் பயன்படுத்தக் கரையை அறிந்த குடிமக்கள் வேண்டும்.

ஆகவே கல்லூரிச் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம். விழாக் காலத்தில் நுழைவாயிலும் மண்டபமும் சிலையும் எழுப்புதற்குப் பணம் திரட்டுதல் எமது வழக்கம். அவ்வழக்கம் தொடரட்டும். அதனோடு, உயர்வகுப்பு மாணவரும் சாரணரும் ஆசிரியருடன் கூடி, ஆண்டுதோறும் வடகரையின் ஒரு பகுதியை ஒரு நாள் நடந்து வருக. பனையடியோ கோயில் மதிலோ கிணற்றுக்கட்டோ நிலையான குறிகளாகச் சிலவற்றைத் தெரிந்து, அங்கிருந்து கடல்விளிம்பு எத்தனை அடி என்று ஒரே பருவத்தில் அளந்து எழுதுக. துறைகளின் பெயர்களையும் பழைய ஒழுங்கைகளையும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்க. அப்பதிவைக் கல்லூரி மலரிலே ஆண்டுதோறும் வெளியிடுக. இதற்கு வேண்டுவது அளவுநாடா ஒன்று, குறிப்பேடு ஒன்று, மதிய உணவு, பஸ் கூலி ஆகியவையே. இச்செலவைக் கிளைச் சங்கங்கள் ஏற்பின் அதனை விடச் சிறந்த நன்கொடை இல்லை.

ஓராண்டின் அளவை எதனையும் உணர்த்தாது. பத்தாண்டின் அளவை ஐயத்தை எழுப்பும். ஐம்பதாண்டின் அளவையோ அறிஞரும் அரசும் மறுக்கவொண்ணாத சான்றாகும். அடுத்த பொன்விழாவைக் கொண்டாடப்போகும் மாணவருக்கு நாம் விட்டுச்செல்லத்தக்க செல்வம் அதுவே. கட்டடம் பழுதுறும், கரை நகரும், பிழையற எழுதிய குறிப்பு நிற்கும். எழுதுதற்கு முன் நடத்தல் வேண்டும். இளைஞர்காள், சப்பாத்தை அணிந்து புறப்படுங்கள்.